மன்னிப்புக் கேட்காத தட்டு

எங்கள் வீடுகளில் சாப்பாடு ஒரு மன்னிப்போடுதான் மேசைக்கு வரும். திருச்சியில் என் அம்மா சாம்பாரை இறக்கி வைக்கும்போதே, "இன்னிக்குப் புளி சரியா அமையல" என்பார். சித்தி, "ஏதோ இருக்கறத வெச்சுப் பண்ணினேன்" என்பார். லண்டனில் இல்ஃபோர்டுக்குக் குடிவந்த பிறகு யாழ்ப்பாணத்துக்காரர் வீடுகளிலும் சாப்பிட்டேன். அங்கேயும் அதே மன்னிப்புதான், உச்சரிப்பு மட்டும் வேறு. "அவசரத்தில செய்தது, குறை நினைக்காதையுங்கோ." சாப்பிட வந்தவர் உடனே அதை மறுக்க வேண்டும். மறுத்த பிறகுதான் முதல் கவளம்.

நான் குடியிருந்த வீட்டு அக்கா எதற்கும் மன்னிப்புக் கேட்டதில்லை. தட்டைக் கொண்டுவந்து வைப்பார். இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு நிற்பார். "சாப்பிடும்" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

யாழ்ப்பாணத்தில் பிறந்த கத்தோலிக்கர். லண்டனுக்கு வருமுன் கணவரோடு இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்தில், பல வருடங்கள் இருந்தவர். அந்த ஊரில் தமிழர்கள் நிறைய உண்டு என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மகளுக்கு ஆங்கிலப் படிப்பு வேண்டும் என்று இங்கே வந்தார்கள். மகள் படிக்க வேறு நகரத்துக்குப் போனதும், அவளுடைய மேல்மாடி அறை எனக்கு வாடகைக்குக் கிடைத்தது. பலெர்மோவிலிருந்து அக்கா கொண்டுவந்தவை இரண்டு. ஒன்று, கனமான ஒரு மாதா சுரூபம். மற்றது, சீஸ் மீது ஒரு பெரிய மரியாதை.

குடிவந்த முதல் வாரம் அலுவலகத்திலிருந்து நல்ல பசியோடு வந்தேன். "பிரிட்ஜுக்குள்ள மொசரெல்லா கிடக்கு, எடும் பிள்ளை" என்றார். எடுத்தேன். பையைக் கத்தரித்து, உள்ளே இருந்த நீரைத் தொட்டியில் ஊற்றப் போனேன்.

"ஐயோ, தண்ணியை ஊத்தாதையும்!"

"கழுவின தண்ணிதானே அக்கா?"

"அது கழுவின தண்ணியில்லை, அது படுத்திருக்கிற தண்ணி. அதோடயே மேசையில வையும். அது இன்னும் முழிக்கேல்லை."

"எவ்வளவு நேரம் வைக்கணும்? அரை மணியா, ஒரு மணியா?"

"நீர் காலமை எழும்ப எவ்வளவு நேரம் எடுக்கும்?"

அதற்குமேல் நான் அளவு கேட்கவில்லை. கட்டடங்களுக்குள் காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று வடிவமைப்பது என் தொழில். அளவில்லாத எந்தப் பதிலும் எனக்கு உறுத்தும். ஆனாலும் காத்திருந்தேன். பிறகு அவர் கத்தியை ஒதுக்கிவிட்டு, அந்த வெள்ளை உருண்டையைக் கையால் பிய்த்தார். நார் நாராகப் பிரிந்தது, நடுவிலிருந்து பால் கசிந்தது. மேலே கொஞ்சம் உப்பும் ஒலிவ் எண்ணெயும். நான் மிளகாய்த் தூள் போத்தலை எட்டினேன். அவர் அதை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"ரெண்டாம் வாய்க்கு என்னத்தையும் போடும். முதல் வாய் அதுக்குரியது."

முதல் வாயில் பால் தெரிந்தது, லேசான புளிப்புத் தெரிந்தது. குளிராகச் சாப்பிட்டிருந்தால் ஈர ரப்பர் மட்டும்தான் தெரிந்திருக்கும். மிளகாய்த் தூளை அவர் திருப்பித் தந்தபோது நான் அதைக் கேட்க மறந்திருந்தேன்.

எனக்கு எதையும் வகை பிரித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. அந்த வீட்டில் நான் ருசித்த சீஸ்களை ஈரப்பதத்தின் வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். ரிக்கொட்டா முதலிலும் பார்மிஜானோ கடைசியிலும் வந்தன. அக்காவிடம் சொன்னபோது சிரித்தார். அவருடைய வகைப்பாடு வேறு. "வாங்கின அண்டைக்கே தின்னுறது, காத்திருந்து தின்னுறது, நெருப்புக்குக் குடுக்கிறது. மூண்டும் விளங்கினாப் போதும்."

ரிக்கொட்டா அன்றைக்கே தின்பது. அதை லேசாகச் சூடுபடுத்தி, தயிருக்கு ஊற்றுவதுபோல் கித்துள் பாணி, அதாவது கூந்தற்பனைப் பாகு, ஊற்றித் தருவார். பெக்கொரினோ ஆட்டுப்பால் சீஸ். முழு மிளகு பதித்து வரும், உப்பு நாக்கில் ஏறும். அதை மெல்லிய சீவலாகச் சீவி, பச்சை அவரைப் பருப்போடு மெல்ல வேண்டும். பார்மிஜானோவை வெட்டவே விடமாட்டார். குட்டையான ஒரு கத்தியின் முனையைக் குத்தி உடைப்பார். உடைந்த முகத்தில் உப்புப்போல மினுங்கும் பொரிகள் இருக்கும். அவற்றைக் காட்டிவிட்டுத்தான் கையில் தருவார். தின்ன முடியாத தோலைச் சேர்த்துவைத்து, பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழுக்குள் போடுவார். நண்டும் இறாலும் கொதிக்கிற கூழுக்குள் இத்தாலிச் சீஸின் தோலா என்று நான் திகைத்தேன். அந்தக் கூழை இரண்டு முறை வாங்கிக் குடித்தேன்.

அவருடைய கணவரை நான் அண்ணை என்றே கூப்பிட்டேன், அந்த வீட்டு வழக்கப்படி. பேருந்து ஓட்டுபவர், கேலிப் பேர்வழி. கோர்கன்சோலாவின் நீல நரம்புகளைக் கண்டு, பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று ஒருநாள் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்.

"இஞ்சாரும், கொழும்பில உதைக் கண்டால் சுகாதாரத்து ஆக்கள் கடையைப் பூட்டுவாங்கள்."

அக்கா கோபப்படவில்லை. உறை பிரிக்காமல் கிடந்ததைத் தொட்டியிலிருந்து எடுத்தார், முழிக்க வைத்தார். பழுத்த பேரிக்காய்த் துண்டில் தடவி, ஒரு சொட்டுத் தேன் விட்டு அண்ணையின் முன்னால் வைத்தார்.

"பிடிக்குதோ எண்டு நான் கேக்கேல்லை. என்ன தெரியுது எண்டு சொல்லுங்கோ."

அண்ணை கண்ணை மூடிக்கொண்டு மென்றார். "முதல்ல காரம். பிறகு வெண்ணெய். பிறகு…"

"பிறகு?"

"கோடை காலத்துச் சென்ட்ரல் லைன்."

கோடையில் வியர்வை நாறும் அந்தச் சுரங்க ரயில் பாதையை நினைத்துச் சிரித்ததில் எனக்குப் புரையேறியது. அக்கா மட்டும் தலையை ஆட்டினார். "சரியாத்தான் சொல்லுறியள். அந்த நிலக்கீழ் மணம்தான் அது." அண்ணை அடுத்த துண்டையும் கேட்காமலே எடுத்தார்.

சமையலறையின் ஜன்னலோரம் ஒரு கொக்கியில், கழுத்தில் கயிறு கட்டிய மஞ்சள் உருண்டை ஒன்று எப்போதும் தொங்கும். பெயர் கச்சொகவாலோ. இரண்டை ஒரே கயிற்றில் கட்டி, கழியின் இருபுறமும் குதிரைமேல் உட்காரவைத்ததுபோல் தொங்கவிட்டு முதிரவைப்பார்களாம். பக்கத்து வீட்டுச் சைவ அம்மா ஒருநாள் வந்தவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன, வேதக்கார வீட்டில நாவூறுக்குப் பூசணிக்காய் கட்டியிருக்கிறியள்?"

"பூசணி இல்லை அன்ரி, சீஸ்."

"சீஸோ? சீஸைத் தூக்கில போட அது என்ன குத்தம் செய்தது?"

அந்த உருண்டைதான் 'நெருப்புக்குக் குடுக்கிற' வகை. ஒரு சனிக்கிழமை மேல்மாடியில் இருந்த எனக்கு அருமையான வாசனை வந்தது. பூண்டு, சூடான எண்ணெய், நன்றாக முறுகுகிற ஆட்டுக்கறி. அண்ணை சமைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தேன். "மட்டன் வறுவலா அக்கா?" அவர் தட்டை நீட்டினார். தட்டில் இருந்தது தடித்த சீஸ் துண்டு. இரண்டு பக்கமும் பொன்னிறமாக முறுகி, மேலே ஒரேகானோத் தூள் தூவி, வினிகர் விட்டிருந்தது. நான் மூன்று துண்டுகள் தின்றேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்காத பழக்கம் எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டேன். பலெர்மோவில் ஒரு வயதான சீமாட்டியின் வீட்டில் வேலை. முதல் நாள் இவர் கத்தரிக்காய்க் கறி சமைத்துக் கொண்டுபோய், நம் வழக்கப்படி, "நல்லாயிருக்காது, குறை நினைக்காதையுங்கோ" என்று தெரிந்த இத்தாலியனில் சொல்லியிருக்கிறார். கிழவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாளாம். "நல்லாயில்லாட்டி ஏன் கொண்டு வந்தனீ?"

"அண்டைக்கு விட்டதுதான் பிள்ளை," என்றார். "குறையெண்டு நானே சொல்லிப்போட்டு மற்றவைக்குக் குடுத்தால், அது அவையளை அவமதிக்கிறதெல்லே?"

இதனால்தான் அவருக்கும் பங்கு மண்டபத்துக்கும் ஒத்துவரவில்லை. பங்கு என்பது அவருடைய தேவாலயத்தைச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்த சமூகம். தேவாலயத்தை ஒட்டியே மண்டபம், மண்டபத்துக்குள்ளே ஒரு சமையலறை. அதன் சாவியும் அதிகாரமும் மன்னார்க்காரர் ஒருவரிடம் இருந்தன. எல்லோரும் அவரை மண்டபத்து அண்ணை என்பார்கள். நல்ல மனிதர், குரல் மட்டும் பெரிது. நான் குடிவருவதற்கு முந்தைய வருடத் திருவிழாவுக்கு அக்கா ஒரு தட்டு நிறையச் சீஸ் கொண்டுபோயிருந்தார். றோல்ஸும் கட்லட்டும் போன இடம் தெரியவில்லை. அக்காவின் தட்டு வைத்தபடியே இருந்தது. ஒரே ஒரு துண்டில் மட்டும் யாரோ பல் பதித்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்திருந்தார்கள்.

"தங்கச்சி, இது சீஸோ," என்று மண்டபத்து அண்ணை எல்லோர் முன்னாலும் கேட்டாராம், "இல்லாட்டி சப்பாத்துக்குள்ள கிடந்த மேசோ?" சப்பாத்து என்றால் காலணி, மேஸ் என்றால் காலுறை. மண்டபமே சிரித்தது. அக்காவின் இடத்தில் வேறு யார் இருந்தாலும், "ஓம், கொஞ்சம் மணம்தான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லித் தப்பியிருப்பார்கள். அக்கா தட்டை மூடி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

தவக்காலம் வந்தது. ஈஸ்டருக்கு முந்தைய அந்த வாரங்களில் வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் தேவாலயத்தில், இயேசுவின் பாடுகளைப் பதினான்கு ஸ்தலங்களில் நின்று தியானிக்கும் சிலுவைப்பாதை; அது முடிந்ததும் மண்டபத்தில் எளிய சாப்பாடு. வெள்ளி சுத்தபோசனம், இறைச்சி கூடாது. ஒவ்வொரு வெள்ளியும் ஒரு குடும்பத்தின் முறை. கஞ்சி, அவித்த கடலை, பாண் என்கிற ரொட்டியும் சம்பலும், இவைதான் வழக்கம். முறை கிடைப்பது என்றால் அந்தப் பங்கின் குடும்பம் என்று அர்த்தம். அக்காவுக்கு அது முதல் முறை; கிடைத்தது பெரிய வெள்ளிக்கு முந்தைய கடைசி வெள்ளி.

மண்டபத்து அண்ணை வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். "பெரிய சமையல் ஒண்டும் வேண்டாம் தங்கச்சி, கஞ்சி காய்ச்சுங்கோ. போன முறை மாதிரி தட்டு அப்பிடியே திரும்பினால் அடுத்த வருஷம் முறை தரேலாது. பிறகு தேத்தண்ணி ஊத்துற பக்கம்தான் நிக்கவேணும்."

"சீஸ்தான் குடுக்கப் போறன்" என்றார் அக்கா.

அவர் போன பிறகு அண்ணை மெல்லக் கேட்டார். "இஞ்சாரும், ஒரு வாளி கஞ்சியும் பக்கத்தில வைப்பமோ? ஒரு பாதுகாப்புக்கு?"

"கஞ்சி வைச்சால் அது மன்னிப்புக் கேக்கிற மாதிரி."

அந்த வாரமே சமையலறையைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் கிறிஸ்தவள் இல்லை. பாத்திரம் தூக்கவும், காற்றோட்டம் தெரிந்த ஒருத்தியின் கண்ணுக்காகவும்தான் வந்தேன். மின்னடுப்பு மந்தமாக இருந்தது. இருந்த சட்டிகள் எல்லாம் மெல்லிய அலுமினியம். அக்கா ஒரு துண்டை வறுத்துப் பார்த்தார். சட்டிக்குச் சூடு பிடிக்கவில்லை, சீஸ் முறுகாமல் உருகிக் குழம்பாகிப் பரவியது. முதல்முறையாக அவர் முகம் வாடியதைப் பார்த்தேன்.

"கனமான இரும்பு வேணும் பிள்ளை. சூட்டைப் பிடிச்சு வைச்சிருக்கிற இரும்பு."

"என்கிட்ட தோசைக்கல்லு இருக்கு அக்கா. ஊர்லேர்ந்து கொண்டுவந்தது. பெட்டில பாதி வெயிட் அதுதான்."

அவர் என் கன்னத்தைத் தட்டினார். பிறகு கூரையைப் பார்த்தார். "உந்த விசிறி வேலை செய்யுதோ?" புகை உறிஞ்சும் விசிறி எப்போதோ செத்துப் போயிருந்தது. நான் தேவாலயத்துக்குப் போகும் இடைக்கதவின் அடியில் கையை வைத்துப் பார்த்தேன். காற்று அந்தப் பக்கம்தான் இழுத்தது.

"அப்ப இஞ்ச வறுத்தால் மணம் எங்க போகும்?" என்றார் அக்கா.

"நேரா கோயிலுக்குள்ளதான் அக்கா போகும். கதவைச் சாத்தி, ஓரத்துல துணி வெச்சு அடைச்சா கொஞ்சம் தடுக்கலாம்."

"அடைக்க வேண்டாம்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை கச்சொகவாலோக்கள் மதியத்திலிருந்தே மண்டபத்து மேசையில் கிடந்தன, முழிப்பதற்காக. அண்ணை பாண் வெட்டினார். அக்கா தடித்த துண்டுகளாகச் சீஸை வெட்டி ஈரம் ஒற்றி வைத்தார். கல் மட்டும் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சிலுவைப்பாதையின் பாட்டு ஒவ்வொரு ஸ்தலமாக நகர்ந்தது. இயேசு சிலுவையில் உயிர்விடும் பன்னிரண்டாம் ஸ்தலத்தில் அக்கா சமையலறைத் தரையிலேயே முழந்தாளிட்டார். எழுந்த பிறகும் எண்ணெயைத் தொடவில்லை. "அடக்கம் முடியட்டும்." இயேசுவை அடக்கம் செய்யும் பதினான்காம் ஸ்தலத்தின் கடைசிச் செபம் தொடங்கியது. அக்கா கல்லில் எண்ணெய் ஊற்றினார்.

பூண்டு. பிறகு சீஸ். துண்டு கல்லைத் தொட்ட சத்தத்திலேயே தெரிந்தது, இந்த இரும்பு ஏமாற்றாது. ஓரம் பொன்னிறமானதும் ஒரே புரட்டு. வினிகரைத் தெளித்தார். சீறிக்கொண்டு ஆவி எழும்பியது, ஒரேகானோ மணத்தோடு சேர்ந்து இடைக்கதவுப் பக்கம் போனது. அந்தப் பக்கம் செபத்தின் வேகம் கூடியதாக எனக்குப் பட்டது. 'ஆமென்' கொஞ்சம் அவசரமாகவே வந்தது.

கதவு படாரென்று திறந்தது. மண்டபத்து அண்ணை. அவர் தோளுக்குப் பின்னால் பாதிப் பங்கு.

"தங்கச்சி! இண்டைக்கு வெள்ளிக்கிழமை! தவக்காலத்தில, கோயிலுக்குப் பக்கத்தில, ஆட்டிறைச்சி வறுக்கிறியளோ?"

"ஆட்டிறைச்சியோ?" என்றார் அக்கா, அடுத்த துண்டைப் புரட்டிக்கொண்டே.

"எனக்கு மணம் தெரியாதோ? பத்தாம் ஸ்தலத்திலயிருந்து பசியோட நிக்கிறன். பின் வரிசையில பொடியள் செபத்தை விட்டிட்டு மூக்கை நீட்டிக்கொண்டு நிக்கிறாங்கள்!"

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் பதறி விளக்கம் சொல்லியிருப்பார்கள். எனக்கே வாய் துடித்தது. அக்கா ஒரு பாண் துண்டின்மேல் வறுத்ததை வைத்து, தட்டை நீட்டினார். "சாப்பிடுங்கோ."

"வெள்ளிக்கிழமை நான் தொடமாட்டன்!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஃபாதர் வந்தார். தட்டை முகர்ந்தார். விரலால் ஒரு ஓரத்தைப் பிய்த்தார். பிய்த்த இடத்திலிருந்து நூல் நீண்டது, நீண்டுகொண்டே வந்தது. அவர் கையை உயர்த்த உயர்த்த அதுவும் உயர்ந்தது. வாயில் போட்டுக்கொண்டார்.

"இது சீஸ்," என்றார் ஃபாதர். உடனே இன்னொரு துண்டை எடுத்தார்.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "அண்ணை, சப்பாத்து மேஸ் இண்டைக்கு ஆடாய்ப் போச்சுதோ?" மண்டபம் வெடித்துச் சிரித்தது.

அக்கா அப்போதுதான் பேசினார். "பலெர்மோவில ஒரு வெள்ளித் தட்டான் இருந்தவனாம். தொழில் நொடிச்சுப் போச்சு, இறைச்சி வாங்க வழியில்லை. அது அயலட்டைக்குத் தெரியக்கூடாது எண்டு அவன்ர மனிசி சீஸை இப்பிடி வறுத்தவளாம். மணம் தெரு முழுக்கப் போகும்."

"அயலட்டை ஏமாந்ததோ?" என்று கேட்டார் மண்டபத்து அண்ணை.

"நீங்களே சொல்லுங்கோ."

அவரும் சிரித்துவிட்டார். தட்டை வாங்கினார். முதல் வாய் கடித்தார். மென்றுகொண்டே ஏதோ சொல்ல வந்தவர், சொல்லாமல் இரண்டாவது வாயும் கடித்தார். அவர் பின்னால் வரிசை தானாக உருவாகியிருந்தது. அது மண்டபத்தைக் கடந்து, வாசலைத் தாண்டி, கார் நிறுத்துமிடம் வரை போனது.

இந்தச் சீஸ் காத்திருக்காது, கல்லிலிருந்து எடுத்த சூட்டோடு தின்ன வேண்டும். அதனால் அக்கா வறுக்க வறுக்க நான் தட்டு நீட்டினேன், அண்ணை பாண் வைத்தார். பல்லில்லாத ஒரு தாத்தா முறுகலை விட்டு நடுப்பகுதியை மட்டும் கேட்டு வாங்கினார். பிள்ளைகள் யாருடைய நூல் நீளம் என்று போட்டி வைத்தார்கள். தின்று முடித்தவர்கள் மறுபடி வரிசையின் கடைசியில் போய், புதிதாக வந்தவர்கள்போல நின்றார்கள். கஞ்சி எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

சீஸ் முடிந்தபோது வரிசையில் இன்னும் சிலர் நின்றார்கள். மண்டபத்து அண்ணைதான் அவர்களுக்கு முன்னால் நின்றார், மூன்றாம் தடவையாக.

"கொஞ்சம் இருக்கோ தங்கச்சி?"

"இல்லை."

அவர் காத்திருந்தார். மற்றவர்களும் காத்திருந்தார்கள். இந்த இடத்தில் ஒரு வாக்கியம் வர வேண்டும். 'மன்னிச்சுக்கொள்ளுங்கோ, கூட வாங்கியிருக்கலாம்' என்று ஏதாவது ஒன்று. அக்கா கடைசிப் பாண் துண்டை எடுத்தார். கல்லின் குழிவில் தேங்கியிருந்த பூண்டெண்ணெயையும் முறுகிய துகள்களையும் அதில் வழித்தெடுத்தார். அன்று முழுவதும் அவர் தின்ற முதல் வாய் அது. கண்ணை மூடி, நிதானமாக மென்று விழுங்கினார்.

"அடுத்த வருஷம் எங்கட முறை எந்த வெள்ளி அண்ணை?"

மண்டபத்து அண்ணை கல்லைப் பார்த்தார், வெறும் தட்டுகளைப் பார்த்தார். "உங்களுக்கு விருப்பமான வெள்ளியை எடுங்கோ."

"கடைசி வெள்ளிதான் வேணும்," என்றார் அக்கா, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு. "அதுக்குள்ள எல்லாரும் கஞ்சி குடிச்சுக் களைச்சிருப்பினம்."